மியாட்டா வாங்கியாச்சு, முதல்ல எந்த நட்டைக் கழட்டலாம்? ஆட்டோக்ராஸுக்கும் ட்ராக்குக்கும் வண்டி ரெடி பண்றது பத்தி

அமெரிக்காவுல பழைய மஸ்டா மியாட்டா (ரெண்டு சீட்டு, கூரையை மடக்கி ஓட்டுற சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) ஒண்ணு வாங்குனவங்க கொஞ்ச நாள்லயே கேக்குற கேள்வி "இதுக்கு டர்போ போடலாமா?" தான். பதில் சொல்றதுக்கு முன்னாடி திருப்பி ஒண்ணு கேக்கணும். நீங்க ஓட்டப்போறது அறுபது செகண்டா, இருபது நிமிஷமா? இதுக்குப் பதில் தெரியாம வாங்குற பார்ட்ஸ்ல பாதி கராஜ்ல தூசி பிடிச்சுக் கிடக்கும்.

அறுபது செகண்டுன்னா ஆட்டோக்ராஸ். காலியா இருக்குற பெரிய பார்க்கிங் லாட்டு, இல்ல பழைய ஏர்ஃபீல்டு, அதுல ஆரஞ்சு கோன் வச்சு வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோர்ஸ் போட்டிருப்பாங்க. வண்டிங்களை இடைவெளி விட்டு ஒண்ணொண்ணா அனுப்புவாங்க, பக்கத்துல இடிக்க ஆள் கிடையாது, போட்டி கடிகாரத்தோட மட்டும். பெரும்பாலும் செகண்ட் கியர்லயே ஓடி முடிஞ்சுடும், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே பெரிய கோர்ஸ்னு சொல்லுவாங்க. ஒரு கோனைத் தட்டி விட்டா ரெண்டு செகண்ட் கூட்டிடுவாங்க, கோன் சாயணும்னுகூட இல்ல, அதைச் சுத்தி வரைஞ்சிருக்குற கட்டத்தை விட்டு முழுசா நகந்தாலே கணக்குதான். கேட்டை, அதாவது கோனுக்கு நடுவுல போக வேண்டிய வழியை, தப்பவிட்டா அந்த ரன்னே செல்லாது. 1944ல ஆரம்பிச்ச எஸ்சிசிஏ, அதாவது ஸ்போர்ட்ஸ் கார் க்ளப் ஆஃப் அமெரிக்கா, இதை 'சோலோ'ங்கிற பேர்ல நடத்துறாங்க, நேஷனல்ஸ் செப்டம்பர்ல நெப்ராஸ்கா லிங்கன்ல நடக்கும். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் ஓட்டாத நேரத்துல வெயில்ல நின்னு கோன் பொறுக்கியே ஆகணும்.

இருபது நிமிஷம்னா ட்ராக். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கைப் பாத்தவங்களுக்கு ட்ராக்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. அங்க கலிஃபோர்னியாவுல லகூனா செகான்னு ஒண்ணு இருக்கு, 3.6 கிலோமீட்டர், நடுவுல கார்க்ஸ்க்ரூன்னு மேல இருந்து கீழ வளைஞ்சு விழுற ஒரு கார்னர். அந்த மாதிரி எடத்துல ட்ராக் டே போனீங்கன்னா இருபது நிமிஷ செஷனா பிரிச்சு விடுவாங்க, ஒரே நேரத்துல நிறைய வண்டி ஓடும், முன்னாடி போறவர் கையைக் காட்டுனாத்தான் ஓவர்டேக்.

ஆட்டோக்ராஸ்ல டயர் சூடாகறதுக்குள்ள ரன் முடிஞ்சுடும், ட்ராக்ல எல்லாமே அளவுக்கு மீறி சூடாகும். டயர், ப்ரேக், எஞ்சின் ஆயில், கூலன்ட் எல்லாம். அதனால ஒரு இடத்துல வேலை செய்யுற மாடிஃபிகேஷன் இன்னொரு இடத்துல வேலை செய்யாம போகலாம், சில சமயம் ஆபத்தாவும் ஆகலாம். இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

உதாரணத்துக்கு மியாட்டாவையே எடுத்துக்கறேன், ஏன்னா அமெரிக்காவுல இந்த ரெண்டு விளையாட்டுலயும் எங்க பாத்தாலும் அதான் நிக்கும். 1989ல சிகாகோ ஆட்டோ ஷோவுல வந்த முதல் மாடல் ஆயிரம் கிலோவுக்கும் கம்மி, 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரை சக்திதான். இப்ப இருக்குற நாலாவது தலைமுறை, எண்டின்னு சொல்லுவாங்க, சுமார் 1060 கிலோ. முன்னாடி பின்னாடி எடை ஏறக்குறைய சரி பாதி, பின் சக்கர ட்ரைவ், மேனுவல் கியர். பவர் கம்மியா இருக்கறது இங்க குறை இல்ல, டயரும் ப்ரேக்கும் சீக்கிரம் தேயாது, ஓட்டத் தெரியாததை குதிரை சக்தியால மூடி மறைக்கவும் முடியாது.

இப்ப கொஞ்சம் கணக்கு. பயந்து ஓடிடாதீங்க, இது ஒண்ணு புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரிஞ்சுடும்.

டவுன் பஸ் வேகமா வலது பக்கம் திரும்புறப்போ நிக்குறவங்க எல்லாரும் இடது பக்கம் சாய்வாங்கல்ல, வண்டியோட எடையும் அப்படித்தான் வெளிப்பக்க டயருக்கு மேல போய் உக்காரும். இதுக்குப் பேரு வெயிட் ட்ரான்ஸ்ஃபர். எவ்ளோ போகும்னு பாக்க வண்டி எடையை கார்னர்ல வர்ற ஜி ஃபோர்ஸால பெருக்கி, அதை ஈர்ப்பு மையத்தோட உயரத்தால பெருக்கி, ரெண்டு பக்க டயருக்கும் நடுவுல உள்ள அகலத்தால வகுக்கணும். 1060 கிலோ வண்டி, 1 ஜி, உயரம் 46 சென்டிமீட்டர்னு வச்சுக்கலாம், அகலம் 1.5 மீட்டர். கிட்டத்தட்ட 325 கிலோ வருது. அதாவது நேராப் போறப்போ பக்கத்துக்கு 530 கிலோ இருந்தது கார்னர்ல உள்பக்கம் 205, வெளிப்பக்கம் 855 ஆயிடுது.

சரி, எடை ஒரு பக்கம் போனா போகட்டுமே, மொத்தம் அதே 1060 தானேன்னு தோணும். டயருக்கு ஒரு கெட்ட குணம் இருக்கு, மேல எடையை ரெண்டு மடங்கு ஆக்குனா பிடிமானம் ரெண்டு மடங்கு ஆகாது, அதுக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் வரும். அதனால நாலு டயரும் சமமா வேலை செய்யுறப்போ கிடைக்குற மொத்த க்ரிப்பு, ரெண்டு டயர் மட்டும் நசுங்கி வேலை செய்யுறப்போ கிடைக்காது. சஸ்பென்ஷன் வேலைல பெரும்பகுதி இந்த ஒரு நஷ்டத்தைக் குறைக்கறதுதான், இல்லன்னா அந்த நஷ்டத்தை முன்னாடியா பின்னாடியான்னு பிரிச்சுக் கொடுக்கறது.

இந்த கணக்குல இன்னொண்ணும் தெரியும். வண்டியை ஒரு இன்ச் எறக்குறீங்கன்னா ட்ரான்ஸ்ஃபர் 325ல இருந்து 307 ஆகும், வெறும் 18 கிலோதான் மிச்சம். பாக்க சூப்பரா இருக்கும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த ஒரு இன்ச்சுக்காக சஸ்பென்ஷனோட பயணத்தைத் தின்னுட்டோம்னா பம்ப் ஸ்டாப்ல, அதாவது சஸ்பென்ஷன் கடைசி வரைக்கும் அமுங்குறப்போ தடுக்குற ரப்பர் கட்டைல, போய் முட்டும். பழைய மியாட்டாவுல ஏற்கனவே அந்த இடம் ரொம்ப கம்மி, கார்னர் நடுவுல பின்னாடி பம்ப் ஸ்டாப் முட்டுனா அந்த டயருக்கு மேல திடீர்னு எடை ஏறி வண்டி வால் சுத்திடும். விலை கம்மியா கிடைக்குதுன்னு கண்ட காயில்ஓவரை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேந்த, உயரம் மாத்தக்கூடிய செட்) மாட்டி தரையோட தரையா எறக்குன மியாட்டா, ஷோரூம்ல இருந்து வந்தபடி நிக்குற மியாட்டாவை விட மெதுவா ஓடுறத ஒரு ஆட்டோக்ராஸ் போனாலே கண்ணால பாக்கலாம்.

பார்ட்ஸ் மாத்தலாம்னு இறங்குனா முதல்ல செலவு பண்ண வேண்டியது டயருக்கு. வேற எதுக்கும் இல்ல. டயர் பக்கவாட்டுல ட்ரெட்வேர்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், சாதாரண டயர்ல 400, 500னு இருக்கும், நம்பர் கம்மியா இருந்தா பொதுவா ரப்பர் மிருது, நல்லா ஒட்டும், சீக்கிரம் தேயும். எஸ்சிசிஏ ஸ்ட்ரீட் க்ளாஸ்ல (அதிகம் மாத்தாத வண்டிகளுக்கான பிரிவு) குறைஞ்சது 200 இருக்கணும்னு ரூல், அதனால கம்பெனிகள் எல்லாம் 200னு நம்பரைப் போட்டு உள்ள கிட்டத்தட்ட ரேஸ் டயரையே குடுக்குறாங்க. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோக்கஹாமா ஏ052, ஃபால்கன் ஆர்டி660 எல்லாம் இந்த கூட்டம்தான். சாதாரண ஆல் சீசன் டயர்ல இருந்து இதுக்கு மாறுனா ஒரு நிமிஷ கோர்ஸ்ல ரெண்டு செகண்ட் கூட குறையலாம், அந்த ரெண்டு செகண்டை எஞ்சின்ல தேடுனா ஆயிரக்கணக்கான டாலர் ஆகும்.

இங்கதான் அறுபது செகண்டும் இருபது நிமிஷமும் முதல்தடவை பிரியுது. ஏ052 மாதிரி டயர் ஜில்லுனு இருக்கும்போதே ஒட்ட ஆரம்பிச்சுடும், ஆட்டோக்ராஸுக்கு அதான் வேணும், அதையே ட்ராக்ல போட்டு விரட்டுனா நாலஞ்சு லாப்லயே சூடாகி வழுக்கும், தேய்மானமும் பயங்கரம். ட்ராக்குக்குன்னா கொஞ்சம் மெதுவா சூடாகி சூட்டைத் தாங்குற டயர் பாக்கணும். ஆட்டோக்ராஸ்லயும் ஒரே வண்டியை ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுனா டயர் சூடாகும், அப்ப தோட்டத்துக்கு மருந்தடிக்குற பம்ப் ஸ்ப்ரேயர்ல தண்ணி ரொப்பி ரன்னுக்கு நடுவுல டயருக்கு அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. முதல்தடவை பாக்குறப்போ சிரிப்பா இருக்கும்.

காத்து அளவு இலவச ட்யூனிங். டயர் ஓரத்துல சாக்பீஸ் இல்ல வெள்ளை ஷூ பாலிஷ்ல கோடு போட்டுட்டு ஒரு ரன் போய்ட்டு வாங்க, கோடு எவ்ளோ தூரம் அழிஞ்சிருக்குன்னு பாத்தா டயர் எவ்ளோ உருண்டு மடங்குதுன்னு தெரிஞ்சுடும். பக்கச் சுவர் வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்து கம்மி. ட்ராக்ல இன்னொரு விஷயம், டயர் சூடு அஞ்சாறு டிகிரி செல்சியஸ் ஏறுனா காத்தழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும், அதனால காலைல ஜில்லுனு வைக்குற அளவு வேற, செஷன் முடிஞ்சு உள்ள வந்த உடனே இருக்க வேண்டிய அளவு வேற. சூடா இருக்குறப்போ அளந்ததுதான் கணக்கு.

அடுத்து அலைன்மென்ட். கார்னர்ல வண்டி சாயுறப்போ வெளி டயரும் கூடவே சாஞ்சு வெளி ஓரத்துல நிக்கும், அதுக்காக முன்கூட்டியே டயரோட மேல்பக்கத்தை உள்ள சாய்ச்சு வைக்கறதுதான் நெகட்டிவ் கேம்பர். மியாட்டாவுல மைனஸ் 2ல இருந்து 3 டிகிரி வரைக்கும் வைக்குறவங்க உண்டு, ஆனா ஸ்ட்ரீட் க்ளாஸ்ல ஃபேக்டரி குடுத்த அட்ஜஸ்ட்மென்ட்டுக்குள்ள எவ்ளோ வருதோ அவ்ளோதான். டோன்னு இன்னொண்ணு இருக்கு, முன் டயரை ரொம்ப லேசா வெளிப்பக்கம் பாக்க வச்சா ஸ்டியரிங்கைத் தொட்ட உடனே மூக்கு திரும்பும், ஆட்டோக்ராஸ் ஆளுங்களுக்கு உசுரு அது. அதே செட்டிங்கோட ட்ராக்ல 180ல நேரா போனா வண்டி நிலையா இருக்காது, கை நடுங்குற மாதிரி அலையும், அதனால ட்ராக்குக்கு முன் டயர் ஜீரோ, பின் டயர் லேசா உள்பக்கம்னு வச்சுக்கறது நல்லது. அலைன்மென்ட் கடைக்குப் போறப்போ நீங்களே நம்பரை எழுதி எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா கம்ப்யூட்டர்ல பச்சை வந்தாச்சு சார்னு சொல்லி அனுப்பிடுவாங்க.

இடது, வலது சக்கரத்தோட சஸ்பென்ஷனை இணைக்குற கம்பிக்குப் பேரு ஸ்வே பார், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு இருக்கும். இதைப் பத்தி நிறைய குழப்பம் இருக்கு. அது மொத்த வெயிட் ட்ரான்ஸ்ஃபரைக் குறைக்காது, மேல போட்ட கணக்குல ஸ்வே பாருக்கு இடமே இல்ல பாருங்க. வண்டி சாயுறதைக் குறைக்கும், அப்புறம் அந்த 325 கிலோல எவ்ளோ முன் டயர் வழியா போகணும் எவ்ளோ பின் டயர் வழியான்னு பிரிக்கும். தடிமனான பாரை முன்னாடி, பின்னாடின்னு எந்தப் பக்கம் போடுறீங்களோ அந்தப் பக்கம் க்ரிப் குறையும். அப்படின்னா மியாட்டா ஆளுங்க ஏன் முன்னாடி தடி பார் போடுறாங்க, முன் டயர் வழுக்கி வண்டி திரும்ப மாட்டேங்குற அண்டர்ஸ்டியர் ஆகாதா? நியாயமான கேள்வி. ஸ்பிரிங் மாத்தக்கூடாதுங்கற க்ளாஸ்ல ஸ்டாக் ஸ்பிரிங் ரொம்ப மிருது, வண்டி சாஞ்சு சாஞ்சு முன் டயரோட கேம்பர் எல்லாம் போயிடும், தடி பார் போட்டா சாயுறது குறைஞ்சு டயர் தட்டையா நிக்கும், கூடவே பின்னாடி உள்பக்க டயர் தரைய விட்டுத் தூக்காம இருக்கறதால கார்னர்ல இருந்து வெளிய வர்றப்போ ஆக்ஸிலேட்டர மிதிக்க முடியும். ஒரு பின் டயர் மட்டும் சும்மா சுத்தாம தடுக்குற லிமிட்டட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இல்லாத வண்டில இது ரொம்ப முக்கியம், இல்லன்னா உள்பக்க டயர் சும்மா புகைவிட்டுச் சுத்திக்கிட்டு இருக்கும்.

ஷாக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் என்ன வித்தியாசம்னா, வண்டி கடைசில எவ்ளோ சாயும்னு ஸ்பிரிங்கும் பாரும் முடிவு பண்ணும், எவ்ளோ வேகமா சாயும்னு ஷாக் முடிவு பண்ணும். ஆட்டோக்ராஸ்ல வண்டி ஒரு பக்கம் சாஞ்சு முடிக்குறதுக்குள்ள அடுத்த பக்கம் திருப்பிடுவோம், வரிசையா நிக்குற கோனுக்கு நடுவுல மாத்தி மாத்தி வளையுற ஸ்லாலம்ல அதுதான் வேலையே. அதனால டயருக்கு அடுத்து பெரிய காசு போற எடம் ஷாக்தான், நல்ல ஷாக் நாலும் டயர் செட்டை விட விலை ஜாஸ்தி இருக்கும்.

ப்ரேக்குக்கு வருவோம். ஆட்டோக்ராஸ்ல 90ல இருந்து 50க்கு இறக்குறோம்னு வைங்க, ஓட்டுறவரோட சேத்து 1140 கிலோ, சுமார் 2.5 லட்சம் ஜூல் சூடா மாறும். ட்ராக்ல 180ல இருந்து 80க்கு இறக்குனா 11 லட்சம் ஜூலுக்கு மேல. நாலரை மடங்கு, அதுவும் ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு லாப்லயும் பல தடவை, இருபது நிமிஷத்துக்கு. பேடு சூடாகி பிடிக்காம போறது ஒரு வகை, பெடல் கெட்டியா இருக்கும் ஆனா வண்டி நிக்காது. ப்ரேக் ஃப்ளூயிட் கொதிக்கறது இன்னொரு வகை, அதுல ஆவி உருவாகி பெடல் நேரா தரைக்குப் போயிடும், இதான் ரொம்ப ஆபத்து. டாட் 3ங்கிற தரத்து ஃப்ளூயிட் புதுசா இருக்குறப்போ குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும், டாட் 4ன்னா 230, ஆனா அது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ஈரம் ஏறுன டாட் 3க்கு குறைஞ்சபட்ச அளவு 140தான். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஃப்ளூயிட் 312 டிகிரி வரைக்கும் தாங்கும். முதல் ட்ராக் டேக்கு முன்னாடி ஃப்ளூயிடும் பேடும் மட்டும் மாத்துனா போதும், பெரிய பெரிய காலிப்பர் எல்லாம் இந்த எடை வண்டிக்குத் தேவையே இல்ல. இன்னொண்ணு, ட்ராக் பேடை ஆட்டோக்ராஸ்ல போட்டா முதல் கார்னர்ல பிடிக்கவே பிடிக்காது, அது சூடானாத்தான் வேலை செய்யும்.

எஞ்சின் சூடும் ட்ராக்குக்கு மட்டும் உள்ள தலைவலி. முதல் ரெண்டு தலைமுறை மியாட்டா எஞ்சின் குடும்பம் முதல்ல மஸ்டா 323 மாதிரி முன்சக்கர ட்ரைவ் வண்டிக்காக குறுக்கா வைக்க டிசைன் பண்ணது, அதை நேரா திருப்பி வச்சப்போ கூலன்ட் வெளிய வர்ற வழி எஞ்சினோட முன்பக்கமே இருக்குற மாதிரி ஆயிடுச்சு, பின்னாடி இருக்குற நாலாவது சிலிண்டருக்கு ஓட்டம் சரியா போகல. ரோட்டுல ஓட்டுனா இது தெரியவே தெரியாது. ட்ராக்ல, அதுவும் டர்போ போட்டு ஓட்டுறவங்க, கூலன்ட் ரீரூட்னு ஒரு கிட் போட்டு வழியைப் பின்பக்கமா மாத்துவாங்க.

பாதுகாப்புல ரெண்டே விஷயம் சொல்லிட்டுப் போறேன். மியாட்டா கெட்டியான மேல்கூரை இல்லாத வண்டி, ட்ராக் டே நடத்துறவங்க நிறைய பேர் ரோல் பார் (வண்டி கவுந்தா தலையைக் காப்பாத்துற இரும்பு வளைவு) இல்லாம உள்ளயே விடமாட்டாங்க. ரோல் பார் உச்சில இருந்து முன் கண்ணாடி ஃப்ரேம் உச்சி வரைக்கும் ஒரு வெளக்குமாத்துக் கம்பை வச்சுப் பாப்பாங்க, ஹெல்மெட் அதுக்குக் கீழ இருக்கணும், உயரமான ஆளுங்க சீட்டைக் கழட்டி கீழ எறக்குறது இதுக்காகத்தான். ஹெல்மெட் வாங்குறப்போ கார் ரேஸுக்கான ஸ்னெல் எஸ்ஏ ரேட்டிங் பாத்து வாங்குங்க, பைக்குக்கு வர்ற எம் ரேட்டிங்ல நெருப்பு டெஸ்ட் கிடையாது. உங்க கார் இன்ஷூரன்ஸ் ட்ராக்ல நடக்குறதுக்குப் பணம் தரும்னு நினைக்காதீங்க, பாலிசியைத் திறந்து படிங்க.

இதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ரூல்புக், நான்தான் கடைசில சொல்றேன். எஸ்சிசிஏல ஸ்ட்ரீட், ஸ்ட்ரீட் டூரிங், ஸ்ட்ரீட் ப்ரிப்பேர்ட்னு மேல மேல போகும். ஸ்ட்ரீட்ல ஷாக் மாத்தலாம், முன்னாடியோ பின்னாடியோ ஒரு ஸ்வே பார் மட்டும் மாத்தலாம், பேடு மாத்தலாம், கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னாடி எக்ஸாஸ்ட் மாத்தலாம், வீல் அகலம் மாத்தக்கூடாது, ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. அழகுக்காக ஒரு லோயரிங் ஸ்பிரிங் போட்டீங்கன்னா நேரா ஸ்ட்ரீட் டூரிங்ல போய் விழுவீங்க, அங்க நிக்குறவங்க அகல வீல், காயில்ஓவர், ட்யூன் எல்லாம் முழுசா பண்ணிட்டு வந்திருப்பாங்க, நீங்க ஒரு ஸ்பிரிங்கோட போய் நிக்கணும். ரூல் வருஷா வருஷம் மாறும், அதனால அந்த வருஷத்து புக்கைத்தான் பாக்கணும். வேற வேற க்ளாஸ் வண்டிங்களை ஒப்பிட பாக்ஸ் (PAX)னு ஒரு இண்டெக்ஸ் உண்டு, உங்க நேரத்தை உங்க க்ளாஸோட எண்ணால பெருக்குவாங்க. சும்மா ஒரு கணக்குக்கு, உங்க க்ளாஸ் எண் 0.80, நீங்க 50 செகண்ட், அப்ப 40. பெரிய மாடிஃபை பண்ண வண்டியோட எண் 0.85, அவர் 48 செகண்ட், அப்ப 40.8. கடிகாரத்துல அவர் முன்னாடி, பட்டியல்ல நீங்க முன்னாடி.

டர்போ கேள்விக்கு வர்றேன். ஸ்ட்ரீட் க்ளாஸ்ல அதுக்கு இடமே இல்ல, ட்ராக்ல போட்டா கூலிங், ப்ரேக், டயர், கியர்பாக்ஸ்னு ஒவ்வொண்ணா கூடவே மாத்திக்கிட்டு வரணும். நிஜமா பவர் வேணும்னா 2019ல இருந்து வர்ற எண்டி மாடலைத் தேடுங்க, 181 குதிரை சக்தி, 7500 ஆர்பிஎம் வரைக்கும் இழுக்கும், புதுசா வாங்குனா வாரண்டியும் வரும். ஆனா முதல் சீசன் ஸ்டாக் வண்டில ப்ரேக் ஃப்ளூயிடு மட்டும், ட்ராக்னா பேடும் சேத்து மாத்திட்டு, இருக்குற டயரோடவே போங்க. நல்ல டயர் கடைசி நொடி வரைக்கும் சத்தமில்லாம பிடிச்சுட்டு திடீர்னு விட்டுடும், சாதாரண டயர் முன்கூட்டியே கீச்சுக் கீச்சுன்னு கத்தி எச்சரிக்கும், கத்துக்கறதுக்கு அந்த சத்தம் தேவை. நிறைய க்ளப்புல நோவிஸ் க்ளாஸ் உண்டு, ஹெல்மெட் இல்லாதவங்களுக்கு கடனா குடுப்பாங்க, கேட்டா அனுபவம் உள்ளவங்க பக்கத்து சீட்ல உக்காந்து சொல்லிக் குடுப்பாங்க. போறதுக்கு முன்னாடி ராத்திரியே ஃப்ளோர் மேட்டு, டிக்கில உருளுற சாமான், சென்டர் கன்சோல்ல இருக்குற சில்லறை எல்லாம் எடுத்துடுங்க, பேட்டரி ஆடாம இருக்கான்னு பாருங்க, வீல் நட்டை டார்க் ரெஞ்ச்ல சரி பாருங்க. ஓட விடுறதுக்கு முன்னாடி வண்டியைச் சோதிக்குற டெக் இன்ஸ்பெக்ஷன்ல பேட்டரியையும் வீலையும்தான் ஆட்டிப் பாப்பாங்க.